‘ரன்’ என்ற வினை: ஓடுவது எது, ஓட்டுவது யார்?

குடியாத்தத்தில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்புப் பணியைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: ‘ரன் என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன? ஓடு என்று நான் எழுதும் இடங்களில் பாதியைத் திருத்துபவர் அடித்துவிடுகிறார். இயக்கு என்று மாற்றினால் அதையும் சில இடங்களில் அடிக்கிறார். முழுப் பட்டியல் ஒன்று கிடைத்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்.’ கேள்வி பட்டியலைப் பற்றியதாகத் தோன்றினாலும், அவருடைய உண்மையான சிக்கல் வேறு என்று நினைக்கிறேன். சொற்கள் அவருக்குத் தெரியாமல் இல்லை. எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கே பதில் எழுதுகிறேன்.

வேலூரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். இந்த ஊரில் இத்தொழிலுக்கு வரும் வேலை பெரும்பாலும் மூன்று வகை: மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகள், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் செய்முறைத் தாள்கள், விவசாய மோட்டார், பம்பு போன்றவற்றின் பயன்பாட்டுக் குறிப்பேடுகள். இந்த மூன்றிலும் நான் சொல்வதை நம்பலாம். சட்டத்தைப் பற்றியும் கணினியைப் பற்றியும் சொல்வதை மட்டும், அந்தத் துறையில் தமிழ் எழுதுகிறவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டியல் ஏன் உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக அதிகப் பொருள்களைக் கொண்ட சொல்லாக இருந்தது ‘செட்’. அதன் வினைவடிவத்துக்கு ஏறத்தாழ 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களை மீண்டும் ஆராய்ந்தபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் கணக்கிடப்பட்டன. இயந்திரங்களும் ரயில்களும் பெருகிய காலத்தில் அவை செய்த வேலைகளில் பலவற்றுக்கு ஆங்கிலேயர் இந்த ஒரே வினையை எடுத்துக்கொண்டதும், பிறகு கணினி நிரல்களுக்கும் அதையே நீட்டியதும் இந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணங்கள். 645 பொருள்களை எவரும் மனப்பாடம் செய்ய முடியாது. செய்தாலும் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை அப்படியே மிஞ்சி நிற்கும்.

ஆனால் அந்தப் பெருக்கத்துக்கு அடியில் எளிய ஒரு பிளவு இருக்கிறது. தானாக ஓடுவது ஒன்று. ஒருவர் ஓடச் செய்வது மற்றொன்று. பழைய ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வினைகள் இருந்தன. ‘ரின்னன்’, ‘இயர்னன்’ என்ற வடிவங்கள் தானாக ஓடுவதையும் வழிவதையும் குறித்தன. ‘ஆர்னன்’ என்பது ஓடச் செய்வதையும் குதிரையை விரட்டிச் செல்வதையும் குறித்தது. காலப்போக்கில் ஸ்காண்டிநேவிய மொழியின் செல்வாக்கும் சேர, இந்த வேறுபாடு கரைந்து ‘ரன்’ என்ற ஒரே வடிவமாயிற்று. ஜெர்மன் மொழியில் அந்த இரட்டையர் இன்றும் ‘ரின்னன்’, ‘ரென்னன்’ என்று தனித்தனியே நிற்கின்றன, பொருள்தான் சற்று இடம் மாறியிருக்கிறது. ஆங்கிலம் இழந்ததைத் தமிழ் இழக்கவில்லை. ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, உருள், உருட்டு. தன்வினையையும் பிறவினையையும் சொல்லின் முடிவில் நேரும் சிறு மாற்றமே பிரித்துக் காட்டிவிடுகிறது. எனவே ‘ரன்’ வரும் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்தவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஓடுகிற பொருள் எழுவாயாக நிற்கிறதா, செயப்படுபொருளாக நிற்கிறதா? மோட்டார் ஓடுகிறது, விவசாயி மோட்டார் ஓட்டுகிறார். இந்த ஒரு கேள்வியே பாதித் தவறுகளைத் தடுத்துவிடும்.

இரண்டாவது கேள்வி, அந்தப் பொருள் தமிழில் ஓடக்கூடியதா என்பது. தமிழில் ஓடுபவை ஏராளம். ‘ஓடு’ என்றால் கால்களால் விரைவது மட்டுமே என்று நினைத்துத் தயங்க வேண்டாம். கடலில் தேர் ஓடாது, நிலத்தில் நாவாய் ஓடாது என்று 496ஆம் குறள் சொல்லும்போது தேர், கப்பல் இரண்டுக்கும் ஓடு என்ற ஒரே வினைதான் வருகிறது. ஆறு ஓடும், கடிகாரம் ஓடும், திரைப்படம் நூறு நாள் ஓடும், தையல் இயந்திரம் ஓடும். இவற்றில் ஆங்கிலமும் தமிழும் கைகோத்துச் செல்கின்றன. ‘இயங்குகிறது’ என்று விறைப்பாக மாற்றத் தேவையே இல்லை. செய்தித்தாள் பாணியில் ‘சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும்’ என்று எழுதுவது தவறல்ல. ஆனால் பௌர்ணமி கிரிவலத்துக்கு வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் ‘ஸ்பெஷல் பஸ் விட்டிருக்காங்க’ என்றுதான் சொல்வார்கள். ‘விடு’ என்ற வினையும் இவ்வாறு ‘ரன்’ என்பதற்கு இணையாகும் என்பதை நான் பார்த்த பட்டியல்கள் எதுவும் சொன்னதில்லை. அதேபோல் காட்பாடி சந்திப்பில் காத்திருப்பவர் ‘வண்டி ஒரு மணி நேரம் லேட்டாம்’ என்பார். ஆங்கிலத்தில் கட்டாயம் வரும் வினை இங்கே மறைந்தே போகிறது. இல்லாத வினையை வலிந்து நுழைக்காமல் இருப்பதும் மொழிபெயர்ப்புதான்.

கடை நடத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; திருத்துபவர் உங்களை அடிக்கடி மடக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் கடையை, பள்ளியை, தொழிற்சாலையை, நாட்டை என எல்லாவற்றையும் ‘ரன்’ செய்யலாம். தமிழில் இவற்றுக்கு உரிய வினை ‘நடத்து’. நட என்பதன் பிறவினை அது. ஆங்கிலத்தில் ஓடுகிற நிர்வாகம் தமிழில் நடக்கிறது. ஆனால் ‘கடையை ஓட்டுகிறேன்’ என்றும் தமிழில் சொல்கிறோம் அல்லவா? சொல்கிறோம், வேறு பொருளில். குடும்பம் நடத்துகிறேன் என்பவர் தம் நிலையைச் சொல்கிறார். குடும்பத்தை ஓட்டுகிறேன் என்பவர் வருமானம் போதாமல் ஒவ்வொரு மாதத்தையும் தள்ளிக்கொண்டிருப்பதைச் சொல்கிறார். ‘ஏதோ கடைய ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று ஒருவர் சொன்னால், வியாபாரம் எப்படி என்று மேலும் கேட்கத் தேவையில்லை. இதே சொல் தன்வினையாகும்போது நிலைமை தலைகீழாகிறது: ‘கடை நல்லா ஓடுது’ என்றால் செழிப்பு. ஆகவே ஒரு தொழில்முனைவோரின் வெற்றிக் கதையில் அவர் மூன்று கடைகளை ‘ஓட்டுகிறார்’ என்று எழுதினால், வாசகர் மனத்தில் அவர் கடனில் தவிப்பவராகிவிடுவார். ‘மூன்று கடைகள் நடத்துகிறார்’ என்பதே அங்கு சரி.

‘இயக்கு’ என்ற சொல்லையும் சில இடங்களில் அடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் காரணம் இருக்கக்கூடும். என் சொந்த அனுபவத்திலிருந்தே காட்டுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தோல் தொழிற்சாலையின் செய்முறைத் தாளை மொழிபெயர்த்தேன். அத்தகைய தாளில் தோலின் எடைக்கு இத்தனை விழுக்காடு தண்ணீர், இத்தனை விழுக்காடு உப்பு, அமிலம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ‘ரன் 60 மினிட்ஸ், செக் பிஎச்’ என்பதுபோல் ஒரு குறிப்பு நிற்கும். தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய உருளையான ட்ரம்மை ஓட்டுவதையும், பிஎச் என்ற அமில, கார அளவைப் பார்ப்பதையும் அது சொல்கிறது. ‘ட்ரம்மை இயக்கவும்; 60 நிமிடம் கழித்து பிஎச் பார்க்கவும்’ என்று நான் எழுதிக்கொடுத்தேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்த மேஸ்திரி கேட்டார்: “சார், இயக்கவும்னா சுவிட்ச் போட்டா போதுமா? இல்ல, ஒரு மணி நேரமும் ஓடிக்கிட்டே இருக்கணுமா?” அவர் கேட்டது முற்றிலும் நியாயம். தோல் பதனிடுவதில் ட்ரம்மை ஓட்டும் நேரமும் உண்டு, நிறுத்தி ஊறவிடும் நேரமும் உண்டு. இரண்டையும் குழப்பினால் மருந்து தோலுக்குள் சரியாக இறங்காது. ‘இயக்கு’ என்பது தொடங்கி வைத்தலையும் குறிக்கும். தொடர்ந்து ஓட விடுவதை அது அழுத்திச் சொல்வதில்லை. ‘ட்ரம்மை ஒரு மணி நேரம் ஓட்டி, பிறகு பிஎச் பார்க்கவும்’ என்று மாற்றிக்கொடுத்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாத தூய சொல்லைவிட, வேலை செய்கிறவர் வாயில் வழங்கும் சொல் துல்லியமாக இருந்ததை அன்று கற்றுக்கொண்டேன். எனவே என் விதி இது: பொத்தானை அழுத்துவதோடு முடிகிற செயலுக்கு இயக்கு, நேரக் கணக்கு உள்ள செயலுக்கு ஓட்டு. கணினி நிரலுக்கு ‘இயக்கு’ இன்று நன்றாக நிலைத்துவிட்டது. பேச்சில் அனைவரும் ‘ரன் பண்ணு’ என்பதே வழக்கம்.

இந்த வினையால் விளைந்த தவறுகளில் நான் பார்த்த மிகப் பெரியது ‘ட்ரை ரன்’ என்ற தொடரில் நேர்ந்தது. 2021 ஜனவரியில் நாடு முழுவதும் கொரோனா தடுப்பூசி போடுவதற்கான ‘ட்ரை ரன்’ நடந்தபோது தமிழ்ச் செய்திகள் அதை ‘ஒத்திகை’ என்று எழுதின. அது மிகச் சரியான சொல். அதன் பிறகு ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கான கட்டுப்பாட்டுப் பெட்டியின் துண்டறிக்கை ஒன்று திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. அதில் ‘ஒத்திகைப் பாதுகாப்பு வசதி உண்டு’ என்று அச்சாகியிருந்தது. மூலத்தில் இருந்தது ‘ட்ரை ரன் புரொடெக்‌ஷன்’. கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிய பிறகும் மோட்டார் ஓடினால், குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் சூடேறி, ‘காயில்’ எனப்படும் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் புகைந்துவிடும். அதற்கு முன்பே மோட்டாரை நிறுத்துகிற வசதி அது. நம் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றுவது புதிதல்ல. மோட்டாரை மேலே தூக்கிக் காயில் கட்டிய விவசாயிக்கு அதன் செலவு தெரியும். ‘ஒத்திகைப் பாதுகாப்பு’ என்று படிக்கும் அவருக்கு ஒன்றுமே விளங்காது. ‘தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுக்கும் வசதி’ என்று நீளமாக எழுதித்தான் திருப்பி அனுப்பினேன். ஒரு தொடருக்கு ஒரு துறையில் கிடைத்த நல்ல தமிழ்ச் சொல், அடுத்த துறையில் கேடாக முடியலாம்.

மருத்துவக் குறிப்புகளில் ‘ரன்’ என்பதற்கு ‘ஓடு’ ஏறக்குறைய வருவதே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, பரிசோதனை செய்கிறார்கள், இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம் ஆங்கிலத்தில் ஓடுகிறது, தமிழில் ‘டிரிப்ஸ் ஏறுது’. மேலேயிருந்து கீழே இறங்கும் ஒன்றை ஏறுகிறது என்கிறோம், உடம்பில் ஏறுகிறது என்ற கண்ணோட்டத்தில். இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய தொடர், சர்க்கரை நோய் குடும்பத்தில் ‘ரன்’ ஆகிறதா என்ற கேள்வி. ‘உங்கள் குடும்பத்தில் ஓடுகிறதா’ என்று எழுதப்பட்ட படிவங்களை நானே திருத்தியிருக்கிறேன். ‘பரம்பரை நோய் உண்டா’ என்று அதை மாற்றுவது இலக்கணப்படி சரிதான், ஆனால் பயன்படாது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டியிடம் இக்கேள்வி கேட்கப்பட்டபோது நான் அருகில் இருந்தேன். “பரம்பரை நோயெல்லாம் எங்க வூட்ல கெடையாதுங்க” என்று அவர் உறுதியாகச் சொன்னார். செவிலியர் கேள்வியை மாற்றி, “உங்க அம்மாவுக்கு சர்க்கரை இருந்துச்சாம்மா?” என்றார். “அவங்களுக்கு இருந்துச்சு, அண்ணனுக்கும் இருக்குது” என்று பதில் வந்தது. பரம்பரை நோய் என்ற தொடர் குடும்பத்தின் மீது விழும் பழிபோல் பலர் காதில் ஒலிக்கிறது. அன்றிலிருந்து நான் எழுதும் படிவங்களில் ‘உங்கள் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது சர்க்கரை உண்டா?’ என்று மட்டுமே இருக்கும். ஒரு வினைக்குப் பதில் ஒரு வினையைத் தேடியிருந்தால் இந்த வாக்கியம் கிடைத்தே இருக்காது.

இதுவரை சொன்னவை உறுதியானவை. அசையாத பொருள்களைப் பற்றிய இடத்தில்தான் எனக்கே தயக்கம் உண்டு. ஆங்கிலத்தில் சாலை ஓடும், மதில் ஓடும், அகழி கோட்டையைச் சுற்றி ஓடும். தமிழில் சாலை போகும் அல்லது செல்லும். வேலூர்க் கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறது, அவ்வளவுதான். அகழி ஓடுகிறது என்றால் தண்ணீர் ஓடுவதாகவே பொருள்படும். ஆனால் அசையாதவை எதுவும் தமிழில் ஓடாது என்று விதி வகுத்துவிடவும் முடியாது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது என்கிறோம். ஆலமரத்தின் வேர் அடுத்த வீடு வரை ஓடியிருக்கிறது என்கிறோம். கையில் பச்சை நரம்பு ஓடுவதைப் பார்க்கிறோம். மெல்லிய கோடாகக் கிளைத்துப் பரவுவது ஓடும், மனிதர் அமைத்த அகலமான பாதை போகும் என்பது என் கணிப்பு. தண்டவாளம், மின்கம்பி போன்றவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அவற்றுக்கு நான் ‘செல்கிறது’ என்றே எழுதுகிறேன். வேறொருவர் ‘ஓடுகிறது’ என்று எழுதினால் அதைப் பிழை என்று அடிக்க மாட்டேன்.

சட்டத்தில் ஓர் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரு தண்டனைகள் ஒரே நேரத்தில் ‘ரன்’ ஆகும் என்று ஆங்கிலத் தீர்ப்பு சொல்லும். ‘தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று தமிழ்ச் செய்திகள் எழுதும். அங்கே எழுவாயே மாறிவிடுகிறது: ஆங்கிலத்தில் தண்டனை ஓடுகிறது, தமிழில் குற்றவாளி அனுபவிக்கிறார். தேர்தலும் இப்படித்தான். அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நிற்கிறார், தமிழிலும் நிற்கிறார். எழுத்தில் ‘போட்டியிடுகிறார்’ என்பது இருவகைக்கும் பொருந்தும்.

அவுட், ஓவர், த்ரூ போன்ற முன்னிடைச் சொற்களோடு சேர்ந்து வருபவற்றைத் தனித்தனி வினைகளாகவே கருதுங்கள். அவற்றில் ‘ரன்’ இருப்பதை மறந்துவிடுவது நல்லது. ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோதல், கிரிக்கெட்டில் மட்டும் ஆட்டமிழத்தல். ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏறிவிடுதல், பால் பொங்கி வழிதல், பாடத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் என மூன்றும். ‘ரன் த்ரூ’ வேகமாகச் சொல்லிப் பார்த்தலையும் குறிக்கும், வாளால் உடலை ஊடுருவக் குத்துவதையும் குறிக்கும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய் எழுச்சியைப் போன்ற நிகழ்வுகளைப் பற்றிய பழைய ஆங்கிலக் குறிப்புகளைப் படிப்பவர் இதில் எளிதில் ஏமாறலாம்.

இணைச்சொல் அகராதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ரன்’ என்பதற்கு ஸ்ப்ரின்ட், ஃப்ளோ, ஆபரேட், மேனேஜ் என்று அவை வரிசையாகத் தரும். இவை ஒன்றுக்கொன்று இணைச்சொற்கள் அல்ல. மேனேஜ் என்பதும் ஃப்ளோ என்பதும் எந்த வாக்கியத்திலும் இடம் மாறி நிற்க முடியாது. சொல்லுக்கு இணைச்சொல் கிடையாது, அதன் ஒவ்வொரு பொருளுக்கும்தான் உண்டு. ஆயினும் அந்த வரிசை ஒரு வகையில் பயன்படும். மூல வாக்கியத்தில் ‘ரன்’ இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதை மொழிபெயருங்கள். மேனேஜ் பொருந்தினால் நடத்து, ஃப்ளோ பொருந்தினால் ஓடு அல்லது வழி, ஆபரேட் பொருந்தினால் ஓட்டு அல்லது இயக்கு. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட, அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவான ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்த பிறகே அதைத் திறக்கிறேன். முன்பே திறந்தால் அதன் வளமே நம்மைக் குழப்பிவிடும்.

எதிர்த்திசையிலும் பழகுங்கள், அது மிக நல்ல பயிற்சி. ‘கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை’ என்பதை ஆங்கிலமாக்க முயன்றால் ‘ரன்’ அருகிலேயே வராது. இரத்த ஓட்டம், எண்ண ஓட்டம் இரண்டும் அப்படித்தான். நம் ‘ஓடு’ எங்கே தனிவழி போகிறது என்று தெரிந்தால், அவர்களுடைய ‘ரன்’ எங்கே பிரிகிறது என்பதும் தெரியவரும்.

கடைசியாக, நீங்கள் சோதனைக்காக அனுப்பிய வாக்கியம். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பற்றிய அந்த ஆங்கில வரியில் ஆறு, குடிநீர், லாரி மூன்றுக்கும் ‘ரன்’ ஒன்றே வினையாக வந்திருக்கிறது. நீங்கள் எழுதியிருந்தது: ‘பாலாறு முழுமையாக ஓடியது, நகரம் குடிநீரிலிருந்து வெளியேறியது, தண்ணீர் லாரிகள் இயக்கப்பட்டன.’ நான் இப்படி எழுதுவேன்: ‘பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது; ஊருக்குள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போயிற்று; தண்ணீர் லாரி விட்டார்கள்.’